கைப்பிடிச்சுவரை எப்போது கட்டுவது?

தியானப் பகுதி: உபாகமம் 22:8, லூக்கா 12:54-56, மத்தேயு 4:5-7



மார்ச் மாதமும் தபசு காலமும் சேர்ந்து வரும்போதெல்லாம் என் உள்ளம் 2020-ஆம் ஆண்டுக்குத் திரும்பிப் போகிறது. அந்த ஆண்டை நாம் நினைவுகூரும்போது பெரும்பாலும் அதன் நடுப்பகுதியையே பேசுகிறோம். தகரம் அடித்து மூடப்பட்ட தெருக்களையும், ஆம்புலன்ஸ் சத்தத்தையும், கைப்பேசியில் பார்த்த ஆராதனைகளையும் சொல்லுகிறோம். நான் இன்று உங்களோடு பேச விரும்புவது அதற்கு முந்திய வாரங்களைப் பற்றி. அபாயம் வாசலுக்கு வந்துவிட்டிருந்தும் நாம் அதை அறியாதிருந்த, அல்லது அறிய மறுத்த, அந்தச் சில வாரங்களைப் பற்றி. அதில் முதலாவது என்னுடைய தவற்றை உங்களிடம் அறிக்கையிடவேண்டியவனாய் இருக்கிறேன்.

நாம் கடலோரத்து ஜனங்கள். புயல் எச்சரிக்கைக் கூண்டு என்றால் என்னவென்று நம் பிள்ளைகளுக்கும் தெரியும். வங்கக் கடலில் எங்கோ வெகுதூரத்தில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானதும் துறைமுகத்தில் 1-ஆம் எண் கூண்டு ஏற்றப்படுகிறது. அந்த நாளில் திருவொற்றியூரில் வானம் தெளிவாகவே இருக்கும். கடல் அமைதியாக இருக்கும். மாடியில் துணி காயும். ஆனாலும் காசிமேட்டுப் படகுக்காரர் எவரும், வானம் நன்றாகத்தானே இருக்கிறது, கூண்டு பொய் சொல்லுகிறது என்று சொல்வதில்லை. காற்று வந்தபின் ஏற்றுவதற்கு ஒரு கூண்டு தேவையில்லை என்பது அவருக்குத் தெரியும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது, எச்சரிக்கையை மதித்தவர்களின் படகுகளுக்கும் மதியாதவர்களின் படகுகளுக்கும் இருந்த வித்தியாசத்தை நம்மில் அநேகர் கண்ணால் கண்டிருக்கிறோம்.

2020 ஜனவரி 30 அன்று நமக்கு 1-ஆம் எண் கூண்டு ஏற்றப்பட்டது. அன்றுதான் கேரளத்தின் திருச்சூரில், சீனாவின் ஊகான் நகரிலிருந்து திரும்பிய ஒரு மாணவிக்கு நோய் உறுதியானது. இந்தியாவின் முதல் நோயாளி அவர். அதே நாளில் உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசரநிலையை அறிவித்தது. நாம் என்ன செய்தோம்? செய்தித்தாளைப் புரட்டிவிட்டு வேலைக்குப் போனோம்.

பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்திலேயே ஒரு சிறு சம்பவம் நடந்தது. சீனாவிலிருந்து பொம்மைகள் ஏற்றி வந்த கொள்கலன் ஒன்றைத் திறந்தபோது உள்ளே உயிரோடு ஒரு பூனை இருந்தது. அதைத் திருப்பி அனுப்புவதா வேண்டாமா என்று செய்தித்தாள்களில் விவாதம் நடந்தது. கொள்கலன் லாரிகள் இரவும் பகலும் ஓடும் நம்முடைய பகுதியில் அது பெரிய பேச்சாயிற்று. வாலிபர் கூட்டத்தில் நாங்களும் அதைச் சொல்லிச் சிரித்தோம். நோயைப் பற்றி அல்ல, பூனையைப் பற்றியே பேசினோம். பூனையினால் நமக்கு எந்தக் கேடும் வரவில்லை. ஆனால் ஊகானுக்கும் நமக்கும் நடுவே எவ்வளவு குறைந்த தூரம் இருக்கிறது என்று அந்தப் பூனை சொல்லிக்கொண்டிருந்ததை, துறைமுகத்தின் நிழலிலேயே வாழும் நாம் கவனிக்கவில்லை.

மார்ச் 7 அன்று தமிழ்நாட்டின் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். ஓமானிலிருந்து காஞ்சிபுரம் மாவட்டத்துக்குத் திரும்பியவர். ஒரே ஒருவர்தானே என்றோம். மார்ச் 11 அன்று இது உலகளாவிய பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மார்ச் 18 அன்று இரண்டாவது நோயாளி கண்டறியப்பட்டார். அவர் அயல்நாட்டுக்குப் போகாதவர். வடக்கிலிருந்து ரயிலில் சென்னைக்கு வந்த இளைஞர். விமான நிலையத்தில் மட்டும் காவல் வைத்தால் போதும் என்ற எண்ணம் அன்றே விழுந்துபோயிற்று. ஆனால் நமக்கு அந்த எண்ணிக்கை இரண்டாகத்தான் தெரிந்தது.

அன்பானவர்களே, அந்த நாட்களில் என்னிடம் ஒரு சகோதரி வந்தார். அவர் அரசு மருத்துவமனை ஒன்றில் செவிலியராக ஊழியம் செய்கிறவர். மார்ச் மாதத்தின் இரண்டாம் வாரம். வேலை முடிந்து வந்த களைப்போடு ஆலயத்தின் வராந்தாவில் நின்று, மெதுவாகச் சொன்னார்:

“ஐயா, தப்பா நினைக்காதீங்க. கை குலுக்குறதையும் ஒரே பாத்திரத்துல குடிக்கிறதையும் கொஞ்ச நாள் நிறுத்திடலாமா? தபசு கால வீட்டுக் கூட்டங்களையும் தள்ளிப் போட்டா நல்லது. எங்க ஆஸ்பத்திரியில தனி வார்டு ரெடி பண்ணிக்கிட்டு இருக்காங்க.”

நான் சிரித்தேன். “சகோதரி, நீங்களே இப்படிப் பயந்தா எப்படி? விசுவாசம் வேணும்” என்றேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. தலையசைத்துவிட்டுப் போனார். அந்த ஞாயிறு, மார்ச் 15 அன்று, 91-ஆம் சங்கீதத்தின்மேல் பிரசங்கித்தேன். கொள்ளைநோய்க்குப் பயப்படவேண்டாம் என்று உரத்த சத்தமாய்ச் சொன்னேன். ஆமென் என்ற சத்தமும் உரத்துக் கேட்டது. வாசலில் நின்று எல்லாருக்கும் கை கொடுத்தேன். மார்ச் 20, வெள்ளிக்கிழமை மாலை, காலடிப்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டில் கூட்டம் நடத்தினேன். பத்துக்குப் பத்து அறையில் முப்பது பேருக்குமேல் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். ஜன்னல் ஒன்று. மின்விசிறி ஒன்று.

அந்தக் கூட்டத்தினால் ஒருவருக்கும் நோய் வரவில்லை. அதற்காகத் தேவனைத் துதிக்கிறேன். ஆனால் அது அவருடைய கிருபை. என்னுடைய ஞானம் அல்ல. கைப்பிடிச்சுவர் இல்லாத மாடியில் நம் பிள்ளைகளை ஓடவிட்டு, ஒருவரும் விழாததினால் நான் நல்ல மேய்ப்பன் என்று சொல்லிக்கொள்ள முடியுமா?

உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு கட்டளை இருக்கிறது. புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவரைக் கட்டவேண்டும். கட்டாமல் விட்டு, ஒருவன் அங்கிருந்து விழுந்தால், அந்த இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும். கவனியுங்கள். ஒருவன் விழுந்தபின் சுவர் கட்டு என்று கர்த்தர் சொல்லவில்லை. இந்தத் தெருவில் இதுவரை எத்தனை பேர் விழுந்தார்கள் என்று கணக்கெடுத்துவிட்டுக் கட்டு என்றும் சொல்லவில்லை. வீடு புதிதாயிருக்கும்போதே, ஒருவரும் விழாதிருக்கும்போதே கட்டச் சொல்லுகிறார். அந்தச் சுவருக்குச் செங்கல்லும் சிமெண்டும் செலவாகும். அது ஒருவனையும் காப்பாற்றியதாக எவரும் சாட்சி சொல்லப் போவதில்லை. விழாதவனுக்குத் தான் விழாதது தெரியாது. ஆகிலும் அது அயலான்மேல் வைக்கும் அன்பு. நன்றி கிடைக்காத அன்பு என்பதினாலேயே தேவன் அதைக் கட்டளையாக்கி வைத்தார் என்று நான் எண்ணுகிறேன்.

அந்தச் செவிலியர் சகோதரி என்னிடம் கேட்டது ஒரு கைப்பிடிச்சுவர். நான் அதை அவிசுவாசம் என்று பெயரிட்டேன்.

91-ஆம் சங்கீதத்தை நாம் அந்த வாரங்களில் எத்தனை முறை வாட்ஸ்அப்பில் அனுப்பினோம்! அது ஆறுதலின் சங்கீதம். இன்றும் வியாதிப் படுக்கைகளின் அருகே நான் அதை வாசிக்கிறேன். ஆனால் மத்தேயு 4-ஆம் அதிகாரத்தில் அந்தச் சங்கீதத்தை எடுத்துப் பேசுகிறவன் யார்? சோதனைக்காரன். தேவாலயத்து உப்பரிகையின்மேல் நம் ஆண்டவரை நிறுத்தி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள், குதியும் என்கிறான். வாக்குத்தத்தம் உண்மைதான், ஆனால் குதிப்பதற்காக அது கொடுக்கப்படவில்லை. தேவனைப் பரீட்சை பாராதிருக்கவேண்டும் என்ற வேத வார்த்தையைக் கொண்டே இயேசு அவனுக்கு மறுமொழி சொன்னார். அவர் படிக்கட்டு வழியாக இறங்கினவர். விசுவாசத்துக்கும் துணிகரத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக வேதம் எங்கும் காட்டவில்லை. பிரசங்க பீடத்திலிருந்து பேசிய எனக்கு அன்று அது தெரியவில்லை.

நாம் ஏன் அறியவில்லை என்பதையும் சிந்திக்கவேண்டும். மணலி, எண்ணூர்ப் பக்கம் வாழ்கிற நாம் ஆபத்தை மூக்கினால் அறிந்து பழகியவர்கள். நள்ளிரவில் ஒரு நாற்றம் வந்தால் எழுந்து ஜன்னலை மூடுகிறோம். இந்த நோய்க்கு நாற்றம் இல்லை, நிறம் இல்லை. தொற்றிய நாளுக்கும் காய்ச்சல் வரும் நாளுக்கும் நடுவே இரண்டு வாரம்வரை இடைவெளி உண்டு. காய்ச்சலே இல்லாதவரும் பிறருக்குக் கொடுப்பார். ஆகவே இன்றைக்கு நோயாளிகள் இத்தனை பேர் என்று நாம் வாசித்த எண், உண்மையில் சில நாட்களுக்கும் வாரங்களுக்கும் முந்திய நிலைமையின் நிழல். நிழலைப் பார்த்து, உருவம் சிறியது என்று சொன்னோம்.

கொஞ்சம் புளித்தமா பிசைந்த மாவு முழுவதையும் புளிக்கவைக்கும் என்பதை வேதத்தில் வாசிக்கிறவர்கள் நாம். அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்த்திருக்கலாம். மார்ச் 7-இல் தமிழ்நாட்டில் ஒருவர். மார்ச் 31-இல் 124 பேர். ஏப்ரல் முடிவில் 2,300-க்கும் மேல். மே முடிவில் 22,000-க்கும் மேல். ஜூன் முடிவில் 90,000-ஐத் தாண்டியது. முதல் மாதத்தில் மாவைப் பார்த்தவனுக்கு ஒன்றும் நடப்பதாகத் தெரியாது. இரவு கழிந்து பார்க்கும்போது பாத்திரம் பொங்கி வழியும்.

மார்ச் 22, ஞாயிறு, மக்கள் ஊரடங்கு. என் ஊழியத்தில் முதன்முறையாக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலய மணி ஒலிக்கவில்லை. காலையில் அங்கி அணியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. லாரிகளின் இரைச்சல் நின்றுபோன அந்த அமைதியில்தான் எனக்குள் ஏதோ ஒன்று உடைந்தது. அந்தச் சகோதரி சொன்னது உண்மை என்று அப்போது உணர்ந்தேன். மாலை ஐந்து மணிக்குத் தெருவெல்லாம் கைதட்டினார்கள். நான் கைதட்டவில்லை. அவருக்குத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் அப்போது பணியில் இருந்தார். “பரவாயில்லைங்க ஐயா, ஜெபம் பண்ணிக்கோங்க” என்றார். அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து, மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு, நாடு முழுவதற்கும் 21 நாள் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. நள்ளிரவில் அமலுக்கு வந்தது. நடுவே நான்கு மணி நேரம். மறுநாள் மதுரையிலிருந்து தமிழ்நாட்டின் முதல் மரணச் செய்தி வந்தது.

இங்கே நான் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. அபாயத்தை உணர்வது எல்லாருக்கும் ஒரே விலையாய் இருக்கவில்லை. விலகியிருங்கள் என்று சொல்லப்பட்டபோது, ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீடுகள் நம் சபையில் இருந்தன. இருபது விநாடி கை கழுவுங்கள் என்று சொல்லப்பட்டபோது, தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை வைத்தவர்கள் இருந்தார்கள். துறைமுகத்தில் சுமை தூக்குகிறவருக்கும், காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கும் தாய்மாருக்கும், ஒரு நாள் வெளியே போகாவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. விம்கோ நகர்ப் பக்கம் தகரக் கொட்டகையில் தங்கியிருந்த பீகார், ஒடிசா பிள்ளைகள் ஊருக்குப் போக ரயிலும் இல்லை. அவர்கள் அஞ்சாமல் வெளியே வந்தார்கள் என்றால், அது அறியாமையும் அல்ல, துணிகரமும் அல்ல, பசி. சுவர் கட்டு என்று மட்டும் சொல்லி, செங்கல் வாங்கக் காசு கொடாதிருந்தால் அந்தக் கட்டளையை நாம் பாதிதான் கைக்கொள்ளுகிறோம். ஆகையால் எச்சரிப்பு ஊழியமும் அரிசி மூட்டையும் சேர்ந்தே போகவேண்டும். நம் வாலிபர்கள் பின்னர் அதைச் செய்தார்கள். இரண்டு வாரம் முன்பே திட்டமிட்டிருந்தால் இன்னும் நன்றாய்ச் செய்திருப்போம்.

தாமதமாய் வருகிற உணர்வைப் பற்றி இன்னொன்றையும் கற்றுக்கொண்டேன். அது அறிவாக வருவதில்லை, திகிலாக வருகிறது. மார்ச் மாதத்தில் எதற்கும் அஞ்சாதிருந்த இதே சென்னை, ஏப்ரல் மாதத்தில் மரித்தவரைக் கண்டு அஞ்சிற்று. ஏப்ரல் 19 இரவு, நோயினால் மரித்த மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் அவர்களின் உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறையில் அடக்கம் செய்யவிடாமல் எதிர்ப்பு எழுந்தது. வேலங்காட்டுக்குக் கொண்டு போனபோது ஒரு கூட்டம் கல்லெறிந்து விரட்டியது. நள்ளிரவில் அவருடைய சக மருத்துவர் திரும்பிப் போய், தம் கையினாலேயே மண் தள்ளி அடக்கம் செய்தார். உயிர் காக்கும் பணியில் இருந்தவருக்கு ஆறடி மண் மறுக்கப்பட்டது. கல்லெறிந்தவர்கள் கொடியவர்கள் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அவர்களுக்கு முறையாய், முன்கூட்டியே, அமைதியாய் எவரும் எடுத்துச் சொல்லவில்லை என்பதும் உண்மை. முன்னமே விழித்தவன் நிதானமாய் நடக்கிறான். தீப்பிடித்தபின் விழிப்பவன் கையில் அகப்பட்டதை எறிகிறான்.

ஜூன் மாதத்தில் நம் ஆலயத்தில் மணியடித்து வந்த முதியவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். உங்களில் அநேகர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு மணிக்கயிற்றை இழுத்து வளர்ந்தவர்கள். மருத்துவமனைக்குப் போகுமுன் என்னிடம் தொலைபேசியில் அவர் கேட்டது ஒன்றே: “ஐயா, கோயிலு எப்ப தொறப்பீங்க?” காசிமேடு கல்லறையில் தூரத்தில் நின்று அடக்க ஆராதனையை நடத்தினேன். அவருடைய மகனும் மருமகனும் மாத்திரம் இருந்தார்கள். அவருக்கு யாரிடமிருந்து தொற்றியது என்று எவருக்கும் தெரியாது. ஆனால் “விசுவாசம் வேணும்” என்று நான் சிரித்துக்கொண்டே சொன்ன நாளில் அவரும் அந்த வராந்தாவில், மணிக்கயிற்றின் அருகே உட்கார்ந்திருந்தார். செப்டம்பர் முதல் தேதி ஆலயங்கள் திறக்கப்பட்டபோது அந்தக் கயிற்றை வேறொருவர் இழுத்தார்.

தண்டையார்பேட்டையில் தொற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. பேருந்தில் அதைக் கடந்தே நாம் பட்டணத்துக்குப் போய் வருகிறோம். காலராவுக்கும் தொண்டை அடைப்பானுக்கும் அஞ்சி வாழ்ந்த தலைமுறைகள் நமக்கு விட்டுப்போன கைப்பிடிச்சுவர் அது. கொள்ளைநோய் இங்கே வரும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். நாம் மறந்துவிட்டோம். 1918 ஜூனில் பம்பாய்த் துறைமுகத்தில் காவல் புரிந்த சிப்பாய்கள் சிலருக்குக் காய்ச்சல் கண்டது. முதல் அலை லேசாய்க் கடந்தது. முடிந்தது என்று எண்ணினார்கள். செப்டம்பரில் திரும்பி வந்த அலை இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரை வாரிக்கொண்டு போயிற்று. நாமும் 2021 பிப்ரவரியில் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, முடிந்தது என்றோம். அவ்வாண்டின் ஏப்ரலும் மே மாதமும் எப்படியிருந்தன என்பதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

மேற்கே மேகம் எழும்பக் கண்டால் மழை வரும் என்கிறீர்கள், தென்றல் அடித்தால் வெப்பம் உண்டாகும் என்கிறீர்கள், இந்தக் காலத்தையோ நிதானிக்காமற் போகிறீர்கள் என்று நம் ஆண்டவர் ஜனங்களைக் கடிந்துகொண்டதை லூக்கா எழுதியிருக்கிறார். அவர் மெய்யாகவே பேசியது வானிலையைப் பற்றியல்ல, தேவன் தங்கள் நடுவில் வந்து நிற்கும் காலத்தைப் பற்றி. ஆனாலும் காலத்தை நிதானிப்பது விசுவாசத்துக்கு விரோதமல்ல, விசுவாசத்தின் கடமை என்பதை அந்தக் கடிந்துகொள்ளுதலே காட்டுகிறது.

ஆகவே, பிரியமானவர்களே, என் கருத்தை ஒளிக்காமல் சொல்லுகிறேன். முன்னெச்சரிக்கையை அவிசுவாசம் என்று சொல்லும் பழக்கத்தை நாம் விட்டுவிடவேண்டும்; போதகர்கள் முதலாவது விடவேண்டும். தேவன் தம் சபைக்குச் செவிலியரையும், ஆய்வுக்கூடப் பணியாளரையும், சுகாதாரப் பணியாளரையும் ஈவாகக் கொடுத்திருக்கிறார். அவர்கள் வராந்தாவில் நின்று மெதுவாய்ப் பேசும்படி விடாமல், உள்ளே அழைத்து உட்காரவைத்துக் கேட்கவேண்டும். அடுத்த கூண்டு ஏறும் நாளில் நம்மைச் சுற்றி வானம் தெளிவாய்த்தான் இருக்கும். அப்போது கேட்கவேண்டிய கேள்வி “இங்கே எத்தனை பேருக்கு வந்திருக்கிறது?” என்பதல்ல. “நம் மாடிக்குச் சுவர் இருக்கிறதா?” என்பதே. நம் சபையில் தனியே வாழும் முதியோர் யார்? யாருக்கு ஒரு வார அரிசிகூட வீட்டில் இராது? யார் வீட்டில் தண்ணீர் இல்லை? அந்தப் பட்டியல் அமைதியான நாளில் எழுதப்படவேண்டும். அந்தச் சகோதரியின் உதவியோடு நாங்கள் அதை எழுதத் தொடங்கியிருக்கிறோம். உங்கள் தெருவிலிருந்து பெயர்களைச் சொல்லி உதவுங்கள்.

சில வேளைகளில் நாம் கட்டிய சுவர் தேவையற்றதாகத் தோன்றும். கூண்டு ஏற்றியும் புயல் திசைமாறிப் போகும். அப்போது நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் சிரித்தவன், ஆகையால் சொல்லுகிறேன், அந்தச் சிரிப்புக்கு அஞ்சவேண்டியதில்லை.

ஜெபம்: எங்கள் பரம தகப்பனே, எங்கள் அயலானுக்காக முன்னதாகவே விழித்திருக்கிற இருதயத்தை எங்களுக்குத் தாரும். எங்கள் துணிகரத்தை விசுவாசம் என்று நாங்கள் அழைத்த நாட்களை மன்னியும். மற்றவர்கள் நித்திரையாயிருந்தபோது வியாதியஸ்தரின் அருகே விழித்திருந்த உம்முடைய ஊழியக்காரரை ஆசீர்வதியும். அந்த ஆண்டில் நாங்கள் இழந்தவர்களை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். அவர்கள் வீட்டாரை ஆற்றித் தேற்றும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய சமாதானம் உங்களோடிருப்பதாக. அடுத்த வாரம் மீண்டும் தியானிப்போம்.